மைதானத்துக்கு ஒரு மதிப்புரை

புத்தகம் வெளிவந்தால் மதிப்புரை எழுதுகிறோம். சினிமாப் படம் வந்தால் விமர்சனம் எழுதுகிறோம். மார்கழி பிறந்துவிட்டால், மயிலாப்பூரில் எந்தப் பாடகர் எந்த ராகத்தில் எந்த ஸ்வரத்தை நழுவ விட்டார் என்று பத்தி பத்தியாக எழுதித் தள்ளுகிறோம். ஆனால் ஐம்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிற விளையாட்டு அரங்கம் ஒன்றைப் பற்றி யாராவது விமர்சனம் எழுதியதுண்டா? அங்கே நடந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவார்கள். ஆட்டக்காரரின் முழங்கால் வலியைப் பற்றிக்கூட எழுதுவார்கள். அரங்கத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். அதுவும் மனிதன் யோசித்துச் செய்த காரியந்தானே? நன்றாக அமைந்திருக்கிறதா, இல்லையா என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டாமா?

இந்த யோசனை எனக்குத் தானாக வரவில்லை. கோட்டூர்புரத்தில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரால் வந்தது. சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காலைக் காபிக்கும் பதினொரு மணிக் காபிக்கும் நடுவில் நகரத்தை முழுக்கத் திருத்தி அமைத்துவிடக் கூடிய திறமை படைத்தவர். 2024 செப்டம்பரில், கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று, பத்திரிகையும் கையுமாக என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"நூற்று அறுபது ஏக்கர், சார்! ஊருக்கு நடுவிலே சும்மா கிடக்கிறது. உலகத்தரத்தில் ஒரு ஸ்டேடியம் கட்டினால் என்ன?" என்றார்.

"கட்டலாம். கட்டிய பிறகு?" என்றேன்.

"கட்டிய பிறகு என்ன, சார்? விளையாடுவார்கள், நாம் பார்ப்போம்."

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் 'சும்மா கிடக்கிறது' என்று சொன்னாரே, அந்த வார்த்தை மட்டும் எனக்குள் எங்கேயோ தைத்துக்கொண்டது. காரணம், அப்படிச் 'சும்மா கிடந்த' ஒரு மைதானம் ஒரே ஒரு காலைப் பொழுதில் என்ன காரியம் செய்தது என்பதை நான் கொழும்பில் கேட்டறிந்திருந்தேன். ஆகவே, கிண்டிக்கு வருவதற்கு முன்னால் வாசகர்களைக் கொஞ்சம் கடல் தாண்டி அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

கொழும்பில் கறுவாத் தோட்டம் என்று ஒரு பகுதி. பெரிய மனிதர்களின் மாளிகைகளும் நிழல் மரங்களும் உள்ள இடம். பல்கலைக் கழகத்துக்கும் ராயல் கல்லூரிக்கும் அருகில் ஒரு பழைய குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. காலிமுகத் திடல் பக்கம் நடந்துவந்த பந்தயங்கள் 1893-ல் இங்கே மாறின. அப்போது கவர்னராக இருந்த ஹாவ்லாக் துரையின் பெயரை மைதானத்துக்கு வைத்தார்கள். தேயிலைத் தோட்டத் துரைமார்களும் அவர்களுடைய சீமாட்டிகளும் தொப்பி அழகு காட்டிய இடம் அது. அந்தத் தேயிலையைப் பறித்த நம் ஜனங்கள் அங்கே எந்தப் பக்கத்து வாசலிலாவது நுழைந்திருப்பார்களா என்று கேட்டால், பதில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு யுத்தம் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். அடுத்தது இலங்கை என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கொழும்புக்கு ரத்மலானையில் ஒரு விமான நிலையம் இருந்தது. அது ஊரறிந்த சங்கதி, எதிரிக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே பிரிட்டிஷ் விமானப் படை குதிரைகளை வெளியேற்றிவிட்டு, பந்தய மைதானத்தையே விமானத் தளமாக்கிக்கொண்டது. குதிரை ஓடிய புல்வெளியில் ஹரிக்கேன் என்ற சண்டை விமானங்கள் ஓடத் தொடங்கின.

அந்த வருஷம் ஏப்ரல் 5-ம் தேதி ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் கப்பல் படை, ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்களோடு வந்தது. விமானங்களுக்குத் தலைமை தாங்கியவனும் அங்கே தலைமை தாங்கிய அதே பூச்சிடாதான். முதல் நாளே அந்தக் கப்பல்களைக் கடலில் கண்டு தந்தி அனுப்பிய கனடா நாட்டு விமானி பர்ச்சால், சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டிருந்தார். மறுநாள் காலை கொழும்புத் துறைமுகத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. ரத்மலானை விமானங்கள் முன்னெச்சரிக்கை கிடைக்காமல் தரையை விட்டு எழும்பும்போதே மாட்டிக்கொண்டன. ஆனால் பந்தய மைதானம் ஒன்று விமானத் தளமாகியிருப்பது ஜப்பானியருக்குத் தெரியவே தெரியாது என்று யுத்த சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து 258-ம் படைப்பிரிவின் பதினான்கு ஹரிக்கேன்கள் கிளம்பின. ஒன்பது அழிந்தன.

இதை வெற்றி என்று சொல்ல முடியாது. துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மூழ்கின. நடுக்கடலில் இரண்டு பெரிய போர்க் கப்பல்கள் மூழ்கின. அங்கொடையில் மனநோய் மருத்துவமனையின் மேல், எண்ணெய்க் கிடங்கு என்று தவறாக எண்ணிக் குண்டு போட்டார்கள். சித்தம் கலங்கியிருந்த அந்த ஜீவன்கள் யாருடைய யுத்தத்துக்காக மாண்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த நெருக்கடியில் கொழும்புக்கு உதவியது ஒரு கோட்டையல்ல, கட்டடமல்ல. தட்டையாக, திறந்து, வெறுமையாக இருந்த ஒரு நிலம்.

அந்த ஏப்ரலில் சென்னை பட்ட பாட்டைப் பழைய குடும்பங்களில் இன்றும் கதையாகச் சொல்வார்கள். மறுநாள் 6-ம் தேதி காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னையில் ஜனங்கள் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். சர்க்கார் காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையிலிருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. மிருகங்கள் போனதுதான் மிச்சம். கொழும்பு மைதானத்தின் கதையும் நம் ஊர்க் கதையும் ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்ததும் கொழும்பு மைதானத்துக்குக் குதிரைகள் திரும்பி வந்தன. ஆனால் சுதந்தர இலங்கையில் துரைமார்களின் பொழுதுபோக்குக்கு ஆயுள் நீளவில்லை. 1950-களின் பிற்பாதியில் பந்தயம் நின்றது. பார்வையாளர் மண்டபம் பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்தது. பிறகு, உள்நாட்டு யுத்தம் 2009-ல் முடிந்தபின், நகரத்தை அழகுபடுத்தும் வேகத்தில் இந்த இடத்துக்கும் விமோசனம் வந்தது. 2012-ஐ ஒட்டிப் பழைய மண்டபத்தைப் புதுப்பித்தார்கள். மைதானத்தில் ரக்பி ஆட்ட அரங்கம் வந்தது. மண்டபத்தின் கீழே கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் வந்தன.

நான் போய்ப் பார்த்தேன். மதிப்புரை எழுதுகிறவன் முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும் என்பது மரபு. இங்கே மரபுக்காகச் சொல்ல வேண்டியதில்லை, உண்மையாகவே சொல்லலாம். பழைய மண்டபத்தை இடிக்கவில்லை. இது லேசான காரியமல்ல. நம் பக்கத்தில் பழையதைப் புதுப்பிப்பது என்றால், முதல் வேலை அதைத் தரைமட்டமாக்குவதுதான். மைதானத்தையும் பெரிய கட்டடங்களால் நிரப்பிவிடவில்லை. புல் இருக்கிறது. வானம் தெரிகிறது. பையன்கள் ஓடுகிறார்கள்.

குறை என்ன? நாவலாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: கதையின் நடுவிலுள்ள அத்தியாயம் காணாமற்போய்விட்டது. குதிரைப் பந்தயம் இன்றும் மைதானத்தின் பெயரில் வாழ்கிறது. விமானத் தளம் எதில் வாழ்கிறது? காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று இளைஞர்களிடம், "இங்கே விமானம் இறங்கியதாமே, தெரியுமா?" என்று விசாரித்தேன். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாகச் சிரித்தார்கள். இன்னொரு குறை: பார்வையாளர் மண்டபத்தில் கடைகள் வந்ததும், மைதானத்தைப் பார்த்து உட்கார வேண்டிய மனிதன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடி அலமாரியைப் பார்க்கிறான். மைதானம் கடைகளுக்குப் பின்புறத் திரைச்சீலை ஆகிவிட்டது.

அன்று மாலை வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. நண்பரின் தாயாருக்கு எண்பதுக்கு மேல் வயசு. மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னேன்.

"உதைப் பார்க்கவோ மெட்ராஸிலிருந்து வந்தனீங்கள்?" என்று சிரித்தார் அந்த அம்மாள். பிறகு சொன்னார்: "நான் சின்னப் பிள்ளை, தம்பி. முந்தி அது குதிரை ஓடுற இடம். சண்டைக்குள்ளே ப்ளேன் ஓடின இடம். இப்ப பெடியள் ஓடுற இடம். எப்பவும் ஆரோ ஓடிக்கொண்டுதான் இருக்கினம்."

அந்த மைதானத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான, இதைவிட முழுமையான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது. நிலம் மாறவில்லை, ஓடுகிறவர்கள்தான் மாறினார்கள் என்கிறார். ஓட இடம் இருந்ததால்தான் அவர்கள் மாறி மாறி வர முடிந்தது.

விமானத் தளமும் விளையாட்டு அரங்கமும் இப்படி ஒரே நிலத்தைத் தேடி வருவது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் மேடு பள்ளமில்லாத தரை வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் வடிய வேண்டும். சுற்றிலும் உயரமான தடைகள் கூடாது. ஊருக்கு அருகிலும் இருக்க வேண்டும். ஆரம்ப கால விமானங்களுக்கு ஒரு புல்வெளி போதும். விமானம் பெருக்கப் பெருக்க, அதன் ஓடுபாதையும் மைல் கணக்கில் நீண்டது. ஊருக்குள் இருந்த தளங்களில் அதற்கு இடமில்லை. விமானம் ஊருக்கு வெளியே போயிற்று. விட்டுப் போன நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி உலகத்தின் பல நகரங்களில் எழுந்தது.

நம்மவர்கள் நிறைய வாழ்கிற சிங்கப்பூரில் எழுந்தது. அங்கே கல்லாங் விமான நிலையம் 1937-ல் திறக்கப்பட்டது. 1955-ல் மூடப்பட்டது. அந்தப் பழைய விமான நிலையப் பரப்பில் 1973-ல் தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. மலேசியக் கிண்ணக் கால்பந்து ஆட்டங்களுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஜனங்கள் கூடினார்கள். ராஜகோபாலும், பிற்காலத்தில் சுந்தரமூர்த்தியும் பந்தை உதைத்தபோது எழுந்த ஆரவாரத்தில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். அந்த ஆரவாரத்துக்குக் 'கல்லாங் முழக்கம்' என்றே பெயர் ஏற்பட்டது. ஒரு தேசம் தன்னைத் தேசமென்று உணர்ந்த இடங்களில் அது ஒன்று. அரங்கத்தை 2010-ல் இடிக்கத் தொடங்கி, 2014-ல் மடக்கு கூரையோடு புதிய அரங்கம் திறந்தார்கள். பழைய முழக்கம் புதிய கூரைக்கடியில் குடிவந்ததா என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றை மெச்சுகிறேன். ஆட்டமில்லாத நாளிலும் அரங்கத்தைச் சுற்றியுள்ள வளைய நடைபாதை திறந்தே இருக்கிறது. மழைக்கு ஒதுங்கலாம், ஓடலாம். பழைய விமான நிலையக் கட்டடத்தையும் அதன் கண்ணாடிக் கோபுரத்தோடு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

பெர்லின் நகரத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே டெம்பல்ஹோஃப் என்ற பிரசித்தி பெற்ற விமான நிலையம் 2008-ல் மூடப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து அதைப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஓரங்களில் வீடு கட்டலாம் என்று நகர நிர்வாகம் திட்டம் போட்டது. 2014-ல் ஜனங்களிடம் வாக்குக் கேட்டபோது, 'ஒன்றும் கட்ட வேண்டாம், அப்படியே விடுங்கள்' என்று தீர்ப்பளித்தார்கள். இன்று அதன் ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். பெர்லினில் வீட்டுப் பஞ்சம் இல்லையா? இருக்கிறது. ஆனாலும் வெறுமைக்கு ஒரு விலை உண்டு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சோழவரம் என்றால் பழைய சென்னைவாசிகளுக்கு ஏரி ஞாபகம் வரும். அதோடு மோட்டார்ப் பந்தயமும் ஞாபகம் வரும். யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில் 1950-கள் தொடங்கிப் பல்லாண்டுகள் காரும் மோட்டார் சைக்கிளும் பந்தயம் ஓடின. நாடெங்கிலுமிருந்து பந்தயக்காரர்கள் வந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அதற்கு உலகத்தரத்தில் அரங்கம் கட்டிவிட்டா காத்திருந்தார்கள்? நிலம் இருந்தது, விளையாட்டு தானாக வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை 1990-ல்தான் வந்தது.

இனிக் கிண்டிக்கு வருவோம். 1777-லிருந்து அங்கே குதிரைப் பந்தயம் நடந்ததாகச் சொல்கிறார்கள். பந்தயம் சூதாட்டம் என்று 1974-ல் தமிழக அரசு அதைத் தடுக்கச் சட்டம் செய்தது. திறமைக்குரிய ஆட்டந்தான், சூதாட்டமல்ல என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. (தோற்றுப்போனவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்து எவ்வளவு தூரம் ஆறுதல் அடைந்தார்களோ!) 2024-ல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்ட அரசு, அதில் நூறு ஏக்கருக்கு மேல் பசுமைப் பூங்காவுக்கு ஒதுக்கியது. மழை நீரைத் தேக்கக் குளங்கள் வெட்டவும் முனைந்தது.

குளம் என்றதும் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஸ்டேடியம் கேட்டால் குட்டை வெட்டுகிறார்களே!" என்றார்.

அவருக்கு 2015 டிசம்பரை ஞாபகப்படுத்தினேன். அடையாற்று வெள்ளம் எங்கள் கோட்டூர்புரத்துக்குள் புகுந்த இரவு அவர் மறந்திருக்க முடியாது. கீழ்த்தளத்து வீடுகளில் தண்ணீர் கழுத்தளவு ஏறியது. குடிசை மக்கள், குடியிருப்பு வாரிய மக்கள், பங்களாக்காரர்கள் என்ற பேதமெல்லாம் அன்று ஒரு ராத்திரி கரைந்தது. தண்ணீர் வடிந்ததும் மறுபடி வந்துவிட்டது. அத்தனை தண்ணீரும் எங்கிருந்து வந்தது? தான் தங்க வேண்டிய இடங்களில் எல்லாம் நாம் தங்கிவிட்டதால், நம் வீட்டில் தங்க வந்தது. கொழும்புக்கு 1942-ல் ஒரு வெற்று நிலம் தேவைப்பட்டது போல, நமக்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தேவைப்படுகிறது. எதிரி மட்டும் வானத்திலிருந்து வேறு உருவத்தில் வருகிறான்.

இப்படிச் சொல்வதால் நான் விளையாட்டுக்கு விரோதி என்று யாரும் எண்ண வேண்டாம். என் விரோதமெல்லாம் பூட்டோடுதான். சில வருஷங்களுக்கு முன் என் பேரனை அழைத்துக்கொண்டு நம் நகரத்தில் ஓர் அரங்கத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆட்டம் ஒன்றுமில்லாத நாள். உள்ளே எட்டிப் புல்லைப் பார்க்க வேண்டும் என்று பையனுக்கு ஆசை. வாசல் காவலாளி நல்ல மனிதர். "மேட்ச் அன்னிக்கு டிக்கெட் வாங்கிட்டு வாங்க சார், இப்ப விட எனக்கு உத்தரவில்லே" என்றார். பையன் கம்பிகளுக்கிடையில் முகத்தை வைத்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பினான். உள்ளே ஒரு ஜீவன் இல்லை. புல் மட்டும் பச்சையாக இருந்தது. பொதுஜனங்களின் நிலத்தில் பொதுஜனங்களைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன.

ஆகையால் ஒரு விளையாட்டு அரங்கத்துக்கு மதிப்புரை எழுத வேண்டுமானால், எத்தனை ஆயிரம் நாற்காலி, எத்தனை கோடி ரூபாய் என்பதை நான் கேட்கமாட்டேன். மூன்றே கேள்விகள் கேட்பேன். ஆட்டமில்லாத நாளில் உள்ளே யார் போகிறார்கள்? மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது? இந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பது, இங்கே ஓடுகிற பிள்ளைக்குத் தெரியுமா? கொழும்பு மைதானம் மூன்றாவது கேள்வியில் திணறுகிறது. கல்லாங் முதல் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. கிண்டி இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கியிருக்கிறது. முதல் கேள்விக்கும் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் அதற்கு முழு மதிப்பெண் போட நான் தயார்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்லி முடித்தபோது, எங்கள் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவில் கிடைத்த இடம்தான் ஆடுகளம். பந்து எகிறி வந்து பெரியவரின் பூந்தொட்டி ஒன்றை உடைத்தது. பையன்கள் மாயமாய் மறைந்தார்கள். வழக்கமாக இந்த மாதிரிச் சமயங்களில் அவர் போடுகிற சத்தம் அடையாற்றின் அக்கரைக்குக் கேட்கும்.

அன்று சத்தம் போடவில்லை. பந்தைக் குனிந்து எடுத்தார். துடைத்தார். தெருவை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"பாவம், அதுகள் எங்கே போய் விளையாடும், சார்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. என்னுடைய மூன்று கேள்விகளில் முதலாவதை அவரே கேட்டுவிட்டார்.